என் பெயரில் இருந்த அண்ணன்

சுவிட்சர்லாந்தில் யாரும் தன்னை முன்னாள் படைவீரன் என்று சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். இங்கே ஆமி என்பது ஆண்பிள்ளைகளுக்கு வரும் அம்மை மாதிரி, ஒரு வயதில் வந்து போய்விடும். எனக்கும் வந்தது. ஆண்டுக்கு மூன்று கிழமை என்று பிய்த்துப் பிய்த்துச் செய்யப் பொறுமை இல்லாமல், முந்நூறு நாளையும் ஒரே மூச்சில் செய்து முடித்தேன். தொலைத்தொடர்புப் பிரிவு. எங்கடின் பக்கத்து மலைகளில் பனிக்குள் கேபிள் இழுத்ததுதான் என் வீரம். பிறகு சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓல்டனுக்கு வந்து, ஒரு பண்டகசாலையில் ஸ்கேனர் கருவிகளைத் திருத்தும் வேலையில் சேர்ந்தேன்.

ஏழெட்டு வருடம் அப்படியே ஓடியது. ஒருநாள், கடமை முடித்தவர்களுக்கென்று ஒரு தொழிற்கல்லூரி உதவித்தொகை அறிவித்திருப்பதைப் பார்த்தேன். இரண்டு வருடக் கணினிப் பாதுகாப்புப் படிப்பு. முடிவில் அரசாங்கப் பரீட்சை. தேறினால் பேர்னில் அரசாங்கத்தின் கணினிகளைக் காவல் காக்கும் வேலை. ஒரே நிபந்தனை, முதல் தவணை முடிவதற்குள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும். அதாவது, நம் வாழ்க்கையை அரசாங்கம் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கும்; ஒன்றும் கீழே விழக்கூடாது. என்னிடம் விழுவதற்கு என்ன இருக்கிறது? ரயிலில் டிக்கெட் இல்லாமல்கூட ஒருநாளும் போகாதவன் நான். விண்ணப்பித்தேன், கிடைத்தது. அம்மாவிடம் சொன்னபோது அவர் சந்தோசப்பட்டதைவிட அதிகமாகப் பயந்தார். பேர்ன், பொலிஸ், அரசாங்கம் என்ற சொற்களைக் கேட்டாலே பயப்படுகிற தலைமுறை அது என்று நினைத்து விட்டுவிட்டேன்.

வகுப்பில் பதினொரு பேர். கற்பித்தவர் முன்பு பொலிசில் இருந்த பெண். குரலை உயர்த்தவே மாட்டார். நாம்தான் காதைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். முதல் கிழமையிலேயே ஒரு கதை சொன்னார். ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்த ஒருவர் இறந்துபோனார். ஆனால் அவருடைய கணக்கு மூன்று வருடமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு முன் கணினிக்குள் நுழைந்தது, மருந்துப் பட்டியலைத் திறந்தது, மாலையில் ஒழுங்காக வெளியேறியது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கடைசியில் பார்த்தால், அவருடைய கடவுச்சொல்லைத் தெரிந்திருந்த சக ஊழியர் ஒருவர், புதுக் கணக்குக் கேட்டு எழுதுவதற்குச் சோம்பல்பட்டு, இறந்தவரின் பெயரிலேயே வேலை செய்துகொண்டிருந்தார்.

"பிழையான ஆள் உள்ளே வந்தால் கணினி கத்தும். சரியான பெயரோடு வந்தால் கத்தாது. இதுதான் எங்கள் தொழிலின் கஷ்டம்" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான்.

நான்காம் சனிக்கிழமை ஒரு பயிற்சி தந்தார். ஓர் எதிரி உங்களை எப்படித் தேடுவானோ அப்படி உங்களை நீங்களே இணையத்தில் தேடுங்கள், மதியத்துக்குள் ஒரு பக்க அறிக்கை வேண்டும் என்றார். எனக்குப் பக்கத்தில் இருந்தவன் ஆமியில் டாங்கி ஓட்டிய விவசாயி மகன். அவனுக்குத் தன் பசு பரிசு வாங்கிய படம் கிடைத்தது. எனக்கு ஓர் உதைபந்தாட்டக் குழுவின் பெயர்ப்பட்டியலும், தொழில் பழகுநர் பரீட்சை முடிவும் கிடைத்தன. அவ்வளவுதான். சலிப்போடு அறிக்கையை எழுதத் தொடங்கினேன். ஆசிரியை பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார்.

"உங்கள் எழுத்திலும் தேடினீர்களா?" என்று கேட்டார்.

தமிழில் என் பெயரைத் தட்டி எத்தனையோ வருடம். தமிழ்ப் பள்ளிக் கொப்பிகளோடு அது முடிந்துவிட்டது. எழுத்துக்களைத் தேடித் தேடித் தட்டினேன். முதலில் வந்தவை எங்கள் ஆட்களின் மரண அறிவித்தல் தளங்கள். அதில் ஆச்சரியம் இல்லை. தமிழில் எந்தப் பெயரைத் தேடினாலும் அங்கேதான் போய் நிற்கும். மூன்றாவதாக இருந்ததைத் திறந்தேன்.

இடம்பெயர்ந்திருந்த காலத்தில் காட்டில் இறந்த எங்கள் கோயில் பங்கு மக்களுக்கான நினைவஞ்சலி அது. பக்கம் நிறையச் சின்னச் சின்னப் படங்கள். மூன்றாம் வரிசையில் என் பெயர். பக்கத்தில் என் அப்பாவின் பெயர். கீழே என் பிறந்த திகதி, ஆனி மாதம், நாளும் வருடமும் பிசகாமல். அதற்குக் கீழே இறந்த திகதி. கணக்குப் பார்த்தேன். எனக்கு ஐந்து வயது நடக்கும்போது இறந்திருந்தேன்.

படத்தைப் பெரிதாக்கினேன். வெள்ளைச் சட்டை போட்ட, இரண்டு வயதுகூட நிரம்பாத பிள்ளை. பின்னால் ஸ்டூடியோவின் மடிப்புத் திரை. கையில் ஒரு பிளாஸ்டிக் பூ. அந்தப் படத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அம்மா வீட்டு வரவேற்பறையில், மாதா படத்துக்குப் பக்கத்தில், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தொங்குகிறது. அது நான்.

"உன்னைக் கண்டுபிடிச்சியா?" என்று டாங்கிக்காரன் கேட்டான்.

"இல்லை" என்றேன். பக்கத்தை மூடினேன். சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதற்கு முந்திய கிழமை எங்களுக்கு ஒரு பாடம் நடந்திருந்தது. முகம் மாறும், முடி மாறும், காது மாறாது. குழந்தையின் காதை வைத்தே வளர்ந்த ஆளை அடையாளம் காணலாம் என்று. இடைவேளையில் கழிப்பறைக்குப் போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்று, அலைபேசியில் அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். படத்திலிருந்த பிள்ளையின் காதுமடலின் கீழ்ப்பகுதி தனியாகத் தொங்கியது. என்னுடையது கன்னத்தோடு ஒட்டியிருந்தது. மற்றக் காதைப் பார்த்தேன். அதுவும் ஒட்டித்தான் இருந்தது. யாரோ உள்ளே வந்து கை கழுவிவிட்டுப் போனார்கள். நான் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அங்கே நின்றபடியே பழைய சங்கதிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. பாலர் பள்ளியில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் திரும்புவதில்லை என்று, எனக்குக் காது கேட்கவில்லையோ என்று சோதிக்க அனுப்பினார்கள். சோதித்த டாக்டர், இந்தப் பிள்ளைக்குப் பூனையின் காது என்று எழுதிக் கொடுத்தார். பள்ளிப் பல் டாக்டர் என் பாற்பற்களை எண்ணிவிட்டு, உனக்கு மட்டும் வளர அவசரமே இல்லையா என்று பகிடி விட்டார். ஆமியில் எல்லோரும் வளர்ந்து முடித்திருந்த நேரத்தில் எனக்கு மட்டும் சப்பாத்து சிறுத்துக்கொண்டே போனது. இரண்டு தடவை மாற்றித் தந்தார்கள், மூன்றாம் தடவை களஞ்சியப் பொறுப்பாளர் என்னை முறைத்தார். அம்மா எனக்கு எடுத்த உடுப்பு எல்லாம் எப்போதும் இரண்டு அளவு பெரிது. வளருவாய்தானே என்பார். நான் வளர்வேன், அதற்குள் அவர் இன்னும் பெரிதாக எடுத்துவிடுவார். ஒருநாளும் என்னால் அந்த உடுப்பை எட்டிப் பிடிக்க முடியவில்லை.

பின்னேரம் அம்மா வீட்டுக்குப் போனேன். ஆற்றிலிருந்து எழும்பிய பனிப்புகார் ஓல்டனை மூடியிருந்தது. பாலத்தில் எதிரே வந்தவர்களுக்குக் கால் மட்டும்தான் இருந்தது. அம்மாவுக்கு முதியோர் இல்லத்துச் சலவை அறையில் வேலை. சனிக்கிழமைகளில் வீட்டிலும் சலவைதான்: ஞாயிறு தமிழ்ப் பூசைக்கான பீடத் துணிகளைக் கொண்டுவந்து அயர்ன் பண்ணுவார். அன்றும் பண்ணிக்கொண்டிருந்தார். நான் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் போய் அலைபேசியை அவருக்கு முன்னால் நீட்டினேன்.

"அம்மா, இது ஆர்?"

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்த உடனே முகம் சிவந்தது.

"ஆர் உதைப் போட்டது?"

இது என்ன என்று அவர் கேட்கவில்லை. யார் போட்டது என்றுதான் கேட்டார். அந்தக் கணத்திலேயே எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

"உன்ர சின்னம்மா தான் படத்தைக் குடுத்திருப்பாள். என்னட்ட ஒரு வார்த்தை கேக்கேல்ல, பார்."

"நான் கேட்டது அது இல்லை, அம்மா. இது ஆர்?"

அவர் அயர்னை நிமிர்த்தி வைத்தார். துணியை நான்காக மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார்.

"கொண்ணன்" என்றார்.

எனக்கு அண்ணன் இருந்தான் என்று அந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது. அம்மா சொன்னதை என் வாயால் சொன்னால் மிகவும் சின்னக் கதை. அப்பா தனியாகச் சுவிசுக்கு வந்தபோது அவர்களுக்கு ஒரு மகன். அம்மா வயிற்றில் நான். இங்கே அகதி விசாரணையில் அப்பா, மனைவி, ஒரு பிள்ளை என்று சொல்லிப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் கொடுத்தார். நான் பிறந்தபிறகும் அதைத் திருத்தவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களிடம் ஒரு சட்டம் இருந்தது. கேஸில் சொன்னதை மாற்றக்கூடாது. மாற்றினால் முழுக் கேஸும் பொய் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். முதலில் மூத்தவனோடு மனைவி வரட்டும், சின்னவன் சின்னம்மாவோடு இருக்கட்டும், பிறகு பார்ப்போம் என்று ஏற்பாடு. நான் பிறந்தது காட்டில், கூடாரத்தில். எங்கும் பதிவில்லை. கோயில் புத்தகத்தில் மட்டும் எழுதினார்கள், அது கோயிலோடு எரிந்தது. பிறகு அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. மருந்து இல்லை. மூன்று நாள். அவனைப் புதைத்து ஐந்தாம் மாதம், மனைவியும் ஒரு பிள்ளையும் வரலாம் என்று சுவிசிலிருந்து அனுமதி வந்தது.

"பேப்பரில ஒரு பிள்ளை எண்டு கிடந்தது. என்ர கையிலயும் ஒரு பிள்ளை. நான் என்ன செய்யிறது, சொல்லு பாப்பம்?"

"அப்பாவுக்கு எழுதினீங்களோ, அண்ணன் செத்தது?"

"என்னெண்டு எழுதுறது? எழுத எழுத என்ர கை வரேல்ல."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். சூரிச் விமான நிலையம் எனக்கு நினைவிருக்கிறது. அதுதான் என் முதல் நினைவு: ஓர் ஆள் முழங்காலில் குந்தி, எனக்கு ஒரு நீலக் கோட்டைப் போட்டுவிடுகிறார். கோட்டு என் கால்வரை தொங்குகிறது. பொத்தான்கள் அவர் விரலிலிருந்து வழுகி வழுகிப் போகின்றன. அப்பா ஏன் ஒரு பொத்தானைப் பூட்ட அவ்வளவு நேரம் எடுத்தார் என்று நான் யோசித்ததே இல்லை. அம்மா சொன்னார், பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர் தாளைப் பார்த்துப் பெயரை வாசித்து, இது உங்கள் மகனா என்று கேட்டாராம். அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா நிலத்தைப் பார்த்தார். அப்பா, ஓம், என் மகன்தான் என்றார். மூத்த பிள்ளை செத்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது அப்படித்தான், சீருடை போட்ட ஒருவனுக்கு முன்னால், சிரித்தபடி.

"ரயிலில கக்கூசுக்குப் போனவர், ஓல்டன் வரும் வரைக்கும் வெளியில வரேல்ல. அதுக்குப் பிறகு ஒருநாளும் அவனைப் பற்றிக் கதைக்கேல்ல. சாகும் வரைக்கும் கதைக்கேல்ல."

எனக்குள் இன்னொன்று கிடந்தது. கனவா நினைவா என்று தெரியாமல் இத்தனை வருடம் வைத்திருந்தது. இருட்டு, ஈரமண் வாசம், என் வாயை யாரோ பொத்துகிறார்கள். பெரியவர்களின் கை அல்ல, சின்னக் கை. அதைச் சொன்னேன்.

"அவன்தான்" என்றார் அம்மா. "பங்கருக்க நீ அழுதால் அவன்தான் வாயைப் பொத்துவான். நான் பொத்தினால் நீ கடிப்பாய்."

சுவரிலிருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தேன். அந்தப் பிள்ளை கமராவைப் பார்க்கிறது என்றுதான் எப்போதும் நினைத்திருந்தேன். பார்க்கவில்லை. கமராவுக்குப் பக்கத்தில், படத்துக்கு வெளியே நிற்கும் யாரையோ பார்க்கிறது. அம்மாவிடம் கேட்டேன். தான்தான் அந்த இடத்தில் நின்றதாகச் சொன்னார். வயிற்றில் நானாம். இருபத்தைந்து வருடமாக என் படம் என்று நான் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, அவ்வளவு காலமும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

பாதுகாப்புச் சோதனை வருகிறது, நான் இதைச் சொல்லத்தான் வேண்டும் என்றேன். அம்மா பாய்ந்து என் கையைப் பிடித்தார்.

"சொல்லாத ராசா. சொன்னால் அவன் செத்துப்போவான்."

"அவன் செத்து எவ்வளவு காலம், அம்மா!"

"எங்க செத்தவன்? எந்தப் பேப்பரில செத்தவன்? அவன் இஞ்ச பள்ளிக்கூடம் போனவன். சேர்ட்டிபிகேட் எடுத்தவன். ஆமிக்குப் போனவன். அவனுக்குச் சுவிஸ் பாஸ்போட் இருக்கு. நீ ஆமிக்குப் போகேக்க ஸ்டேசனில நிண்டு அழுதனான்தானே, உனக்கெண்டு நினைச்சியோ?"

எனக்குக் கெட்ட கோபம் வந்தது. ஐந்து வயதில் செத்த பிள்ளைமேல், பங்கருக்குள் என் வாயைப் பொத்தி என்னைக் காத்த பிள்ளைமேல், பொறாமை வந்தது. அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அப்ப நான் ஆர், நான் எங்க போனனான் என்று கத்தினேன். அம்மா கத்தவில்லை.

"உனக்கு என்ன குறை? நீ இஞ்ச இருக்கிறாய்தானே. அவனுக்கு இது மட்டும்தான் இருக்கு" என்றார்.

போகும்போது வாசலில் நின்று என் பெயரைக் கேட்டேன். அவர் மெதுவாகச் சொன்னார். ஒரு புனிதரின் பெயர். படிகளில் இறங்கும்போது அதைச் சொல்லிப் பார்த்தேன். தவறி வந்த கடிதத்தில் இருக்கும் யாருடையதோ பெயர் போல இருந்தது.

அதன் பிறகு வந்த கிழமைகள் நல்லாயில்லை. வரவுத்தாளில் ஒப்பமிடும்போதெல்லாம் கள்ளக் கையெழுத்துப் போடுவதாகத் தோன்றியது. காலையில் கணினியைத் திறந்தால் பெயர் சொல்லி வரவேற்கும். நான் பின்னால் திரும்பிப் பார்ப்பேன். இது இருட்டில் வரும் பயம் இல்லை, பகல் வெளிச்சத்திலும் அப்படித்தான். பல் டாக்டரின் காத்திருப்பறையில் உதவியாளர் என் பெயரைக் கூப்பிட்டாள். நான் எழும்பவில்லை. வேறு யாராவது எழும்புகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிச்சயமாக ஒருவன் எழும்புவான் என்று நினைத்தேன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன், காதுமடல் தொங்குபவன். அவள் மூன்றாம் தடவை கூப்பிட்டபோதுதான் எழும்பினேன். உட்கார்ந்திருந்த இடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

சோதனை நேர்காணல் பேர்னில். சுவரில் ஒன்றும் இல்லாத அறை. வயதான அதிகாரி, முன்னால் என் கோப்பு. நட்பு, பயணம், குடி என்று இரண்டு மணி நேரம் கேட்டார். எல்லாம் சுத்தம். இன்னும் ஒரேயொரு கேள்விதான் என்றார்.

"யாராவது உங்களைப் பிடித்து மிரட்டக்கூடிய விசயம் ஏதாவது உங்கள் வாழ்க்கையில் உண்டா?"

இல்லை என்றால் வகுப்பில் இருக்கை உறுதி, வேலை உறுதி. அம்மாவும் அதைத்தான் காலையில் தொலைபேசியில் கெஞ்சிக் கேட்டிருந்தார். ஆனால் தமிழ் வாசிக்கத் தெரிந்த எவனும் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடக்கூடியதை வைத்துக்கொண்டு, அரசாங்கத்தின் கதவில் நான் எப்படிக் காவல் நிற்பது? இது நல்ல காரணம், எழுதவும் அழகாக இருக்கிறது. உண்மைக் காரணம் வேறு. எனக்கு அலுத்துவிட்டது. அவனுடைய உடுப்புக்குள் நின்று எனக்கு மூச்சு முட்டியது.

சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். அதிகாரி கொஞ்ச நேரம் எழுதினார், பிறகு பேனையை வைத்தார். கோப்பின் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்படியென்றால் இரண்டு மணி நேரமாக நான் யாரைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன்?" என்றார். பகிடியாகச் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது.

கடிதம் வந்தது. நாட்டுக்குள் வரும்போது நான் குழந்தை, அதனால் என்மேல் குற்றமில்லை. அம்மா செய்தது மிகவும் பழைய விசயம், அதைத் தொடரப்போவதில்லை. ஆனால் சோதனை நிறுத்தப்படுகிறது. குடியியல் பதிவில் நான் யார் என்று திருத்தி எழுதிய தாள் வந்தால், அடுத்த வகுப்பில் என் இடம் இருக்கும். வராவிட்டால் இல்லை. அதற்கு இரண்டு வேலை நடக்க வேண்டும். அண்ணனின் இறப்பைப் பதிய வேண்டும், என் பிறப்பைப் பதிய வேண்டும். இரண்டையும் குடியியல் பதிவுக் கந்தோருக்கு வந்து சொல்லக்கூடிய சாட்சி இங்கே அம்மா ஒருவர்தான்.

கல்லூரியில் விடைபெறப் போனேன். ஆசிரியை என் பழைய அறிக்கையை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்."

"ஓம். பொய் எழுதினேன்."

"தெரியும். வகுப்புத் தொடங்க முதல் எல்லோரையும் நான் தேடிப் பார்ப்பேன். எழுத்தை வாசிக்க ஆள் பிடித்தேன்." பிறகு, குரல் இன்னும் தணிந்து, "உங்களை முதலில் கண்டுபிடித்தது நான். நீங்கள் எப்போது கண்டுபிடிப்பீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

அத்தனை சனிக்கிழமையும் இறந்தவனுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தே அந்த மனுசி எனக்குக் கோப்பி ஊற்றித் தந்திருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமும் இருந்தது, மரியாதையும் இருந்தது.

அம்மா இரண்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை. நான் வற்புறுத்தவில்லை, வற்புறுத்துகிற முகம் எனக்கு இல்லை. மாசி மாதம் ஒரு காலை தொலைபேசி எடுத்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"உந்தக் கந்தோர் எத்தின மணிக்குத் திறப்பாங்கள்?"

பூசைக்குப் போகும் சேலையும் அதற்குமேல் தடித்த கோட்டும் போட்டுக்கொண்டு வந்தார். எழுத்தர் இளம்பெண், அடக்கமானவள். நான் மொழிபெயர்த்தேன், சின்ன வயதிலிருந்து எல்லாக் கந்தோரிலும் அம்மாவின் வாய் நான்தான். முதலில் அண்ணனின் தாள். இறந்த இடம் என்ன என்று கேட்டாள். காடு என்றேன். காட்டுக்குப் பெயர் இல்லையா என்றாள். அம்மா பக்கத்துக் குளத்தின் பெயரைச் சொன்னார். திகதி கேட்டாள். அம்மா யோசிக்கவே இல்லை. திகதி, கிழமை, விடிய நாலே முக்கால், அவன் கடைசியாகத் தண்ணீர் கேட்டது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். எழுத்தருக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. நான் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன்.

பிறகு என் தாள். பெயரை அம்மா எழுத்துக் கூட்டிச் சொன்னார். பிறந்த திகதி என்ன என்று எழுத்தர் கேட்டாள்.

அம்மா யோசித்தார்.

"மாரி" என்றார். "நல்ல மழை. கூடாரத்துக்குள்ள தண்ணி. கார்த்திகையோ... மார்கழியோ... நத்தார்ப் பெருநாள் வரேல்ல இன்னும்."

"நாள் வேண்டும்" என்றாள் எழுத்தர்.

அம்மா விரல்களை மடித்து மடித்து எண்ணினார். திரும்ப முதலிலிருந்து எண்ணினார். அவர் கண்கள் என்னிடம் வந்தபோதுதான் எனக்கு விளங்கியது. அவருக்கு என் பிறந்தநாள் தெரியாது. தெரிந்திருந்தது, மற்ற நாளைப் பிசகில்லாமல் சொல்லிச் சொல்லி இது அழிந்துவிட்டது. பெற்ற பிள்ளைக்கு முன்னால், ஒரு வெள்ளைக்காரப் பெட்டைக்கு முன்னால், அவர் முகம் சுருங்கிய சுருக்கத்தை நான் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். ஒரு இருக்கையையே பணயம் வைத்து உண்மை சொன்னவன் நான். அந்த உண்மை இந்த இடத்தில் ஒருவரிடமும் இல்லை.

நான் எழுத்தரைப் பார்த்து, அம்மா சொல்வதுபோல, ஒரு திகதியைச் சொன்னேன். அண்ணனின் அதே நாள், அதே ஆனி மாதம், இரண்டு வருடம் தள்ளி. அம்மாவுக்கு அந்த நாளை விட்டுவிட்டு வரச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எழுத்தர் நிமிர்ந்தாள். அவளுக்கு மழை என்று மட்டும்தான் மொழிபெயர்த்திருந்தேன். ஆனியில் அங்கே மழை இல்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அம்மாவைப் பார்த்து, நிச்சயமா என்று நேரடியாகக் கேட்டாள்.

அம்மா என்னை நீண்ட நேரம் பார்த்தார்.

"யா" என்றார் ஜேர்மனில். "ஷ்டிம்ட்." ஓம், சரிதான் என்று.

எழுத்தர் இரண்டு தாளையும் அச்செடுத்து வைத்தாள். அம்மா என்னுடையதில் முதலில் ஒப்பமிட்டார். அண்ணனுடையதில் பேனையை வைத்தார், எடுத்தார், வைத்தார், ஒப்பமிட்டார். அந்த இலையுதிர்காலத்தில் எனக்கு இருக்கை கிடைத்தது, என் பெயரில். இன்றைக்கு பேர்னில் வேலையும் இருக்கிறது. ஆனால் அந்தக் காலையை நினைத்தால் எனக்கு அதெல்லாம் வருவதில்லை. பேனையை மேசையில் வைத்துவிட்டு, அந்தக் கந்தோரில், வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்க, அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓவென்று அழத் தொடங்கினார். இருபது வருடத்துக்கு மேலாக நான் எழும்பி நின்ற அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைக் கூப்பிடவில்லை.